ரப்பர் ஆய்வில் முனைவர் பட்டம் முடிந்தது. அடுத்த ஆய்வுப் பணியை எங்கே, எப்படித் தேடுவது?

பட்டர்வொர்த்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யுஎஸ்எம்மின் நிபோங் திபால் பொறியியல் வளாகத்தில் முனைவர் பட்ட ஆய்வை முடித்திருக்கிறேன். வாய்மொழித் தேர்வில் சிறு திருத்தங்களோடு தேர்ச்சி. திருத்தங்களையும் ஒப்படைத்தாகிவிட்டது, பட்டத்தை உறுதிசெய்யும் பல்கலைக்கழக செனட்டின் கடிதம் மட்டும் பாக்கி.

துறை ரப்பர். கையுறை செய்ய ரப்பர் பாலைக் கந்தகத்தோடு வல்கனைஸ் செய்யும்போது, அதாவது உறுதியாக்கும்போது, அந்த வினையை வேகப்படுத்த டைதயோகார்பமேட் போன்ற முடுக்கிகளைச் சேர்ப்பார்கள். அவற்றின் மிச்சம் கையுறையில் தங்கி, நாள் முழுக்க அணிகிற தாதியரின் கையில் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. முடுக்கியைக் குறைத்தும் தரம் கெடாமல் படலம் செய்ய முடியுமா என்பதுதான் என் ஆய்வேடு. அப்பா கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் ரப்பரில்தான் படிக்கப் போகிறேன் என்றதும், "அதிலிருந்து வெளியே வரத்தானே உன்னைப் படிக்க வைத்தேன்?" என்று கேட்டார். இன்றுவரை சரியாகப் பதில் சொல்லவில்லை.

என் மேற்பார்வையாளரின் மானியம் இந்த ஆண்டோடு முடிகிறது. "சில மாதம் ஆய்வு உதவியாளராக இரு, புது மானியம் கிடைத்தால் பார்க்கலாம்" என்கிறார். நல்லவர்தான். ஆனால் கிடைக்காவிட்டால்?

இரவில் உட்கார்ந்து வேலைத் தளங்களைப் புரட்டுகிறேன். போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி என்று தேடினால் புற்றுநோய், செயற்கை நுண்ணறிவு, மின்கலம் என்று வந்து குவிகிறது. ரப்பர் என்று ஒன்றுகூட இல்லை. பேராசிரியர்கள் பலருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். எல்லாம் கிணற்றில் போட்ட கல். அம்மா தனியாக இருப்பதால், அவசரம் என்றால் ஒரு நாளுக்குள் வீடு வந்து சேரும் தூரமாக இருந்தால் நல்லது. பட்டம் வாங்கிய இடத்திலேயே தங்குவது புத்திசாலித்தனமா? வெளியே என்றால் எங்கே பார்ப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பந்தாய் டாலாம் அக்கா எழுதியது:

பட்டர்வொர்த் தங்கைக்கு வாழ்த்துகள். அப்பாவுக்குச் சொல்லவேண்டிய பதில் உங்கள் ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கும், தேடிப் பாருங்கள்.

நான் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு அதிகாரியாக இருக்கிறேன். எங்கள் குழுத்தலைவருக்கு வரும் "வேலை இருக்கிறதா" கடிதங்களை முதலில் படிப்பது என் கண்தான். ஆகவே மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், இனிப்பாக இருக்காது.

நீங்கள் விளம்பரத்தைத் தேடுகிறீர்கள். பணத்தைத் தேடுங்கள். மானியம் கிடைத்த பிறகுதான் பதவி பிறக்கிறது. மானியக் கடிதம் வந்த வாரத்திலேயே பேராசிரியரின் மனத்தில் ஒரு பெயர் இருக்கும்: போன மாநாட்டில் நல்ல கேள்வி கேட்டவர், நண்பரின் மாணவர், இப்படி யாராவது. விளம்பரம் அதற்குப் பிறகு, பல்கலைக்கழகம் கேட்பதற்காக வருகிறது. அதில் "இந்த நுட்பத்தில் இந்தக் கருவியில் அனுபவம் தேவை" என்று மிகத் துல்லியமாக எழுதியிருந்தால், யாரோ ஒருவரின் அளவுக்குத் தைத்த சட்டை அது. எல்லா விளம்பரமும் அப்படி இல்லை. ஆனால் நீங்கள் நுழைய வேண்டிய நேரம் விளம்பரத்துக்கு முந்தைய சில மாதங்கள்.

அந்த நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலை எடுத்து வையுங்கள். அதில் கடந்த மூன்றாண்டுக் கட்டுரைகளை மட்டும் திறந்து, நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். நன்றியுரை என்று யாரும் படிக்காத ஒரு பத்தி இருக்கும். நம் நாட்டுக் கட்டுரை என்றால் உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியமான எஃப்ஆர்ஜிஎஸ்ஸின் எண் அங்கே கிடக்கும். எஃப்ஆர்ஜிஎஸ், சாய்கோடு, 1, சாய்கோடு, 2023 என்று தொடங்கி, துறைக்குறியீடும் பல்கலைக்கழகத்தின் பெயரும் பின்னால் வரும். நடுவில் நிற்கிற அந்த ஆண்டுதான் உங்களுக்கு வேண்டியது. இந்த மானியம் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டு ஓடும். 2021 என்றிருந்தால் பானை காலி. சென்ற ஆண்டின் எண் என்றால் இப்போதுதான் அடுப்பில் ஏறியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. எஃப்ஆர்ஜிஎஸ் பணம் பெரும்பாலும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களை உதவியாளர்களாக வைத்துக்கொள்ளவே போகும். முனைவர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்கிற அளவு பணம் எல்ஆர்ஜிஎஸ் போன்ற நீண்டகால மானியங்களிலும் தொழிற்சாலைகளோடு சேர்ந்து செய்யும் திட்டங்களிலும்தான் இருக்கும். நன்றியுரையில் ஒரு நிறுவனத்தின் பெயரைப் பார்த்தால் அந்தக் கட்டுரையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

வெளிநாடு என்றால் வேலை இன்னும் சுலபம். யாருக்கு எவ்வளவு, என்று தொடங்கி என்று முடிகிறது என்பதை அவர்கள் ஊரறிய இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கார்டிஸ், ஜெர்மனிக்குக் கெப்ரிஸ், ஜப்பானுக்குக் காக்கென், பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச். பணம் கட்டத் தேவையில்லை. அவற்றில் இயற்கை ரப்பர், ரப்பர் பால் படலம், வல்கனைசேஷன் என்று தேடி, தொடங்கி ஆறு மாதம் ஆகாத திட்டங்களை மட்டும் எடுங்கள். அங்கே ஆள் எடுத்தே ஆக வேண்டும்.

வேலைத் தளத்தில் ரப்பர் இல்லை என்கிறீர்கள். தளத்தில் இல்லை, உலகத்தில் இருக்கிறது. சுங்கை பூலோவில் மலேசிய ரப்பர் வாரியத்தின் ஆய்வு நிலையம். 1925இல் தொடங்கிய ரப்பர் ஆய்வுக் கழகத்தின் வழிவந்தது. அதே வாரியத்துக்கு இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட் அருகே துன் அப்துல் ரசாக் ஆய்வு மையம் இருக்கிறது என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. நெதர்லாந்தில் டுவென்டே பல்கலைக்கழகம், ஜெர்மனியில் ஹனோவரின் ரப்பர் தொழில்நுட்ப நிறுவனம், ஜப்பானில் நாகாவோக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், இந்தியாவில் கரக்பூர் ஐஐடியின் ரப்பர் தொழில்நுட்ப மையம், கோட்டயத்தின் ரப்பர் ஆராய்ச்சி நிலையம்.

அம்மாவை நினைத்துச் சொல்கிறேன்: தெற்குத் தாய்லாந்தின் பிரின்ஸ் ஆஃப் சோங்க்லா பல்கலைக்கழகத்தை முதலில் பாருங்கள். ஹட்யாய், பட்டானி என்று இரண்டு வளாகங்களிலும் ரப்பர் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினால் பாடாங் பெசார், அங்கே எல்லை தாண்டி ஹட்யாய். கோலாலம்பூரில் வேலை பார்க்கிற பிள்ளையைவிட நீங்கள் வீட்டுக்கு அருகில் இருப்பீர்கள்.

மேற்பார்வையாளரிடம் தங்குவது பற்றி: கையில் முடிக்க வேண்டிய கட்டுரை இருந்தால் தங்குங்கள், அது வெளியாகும்வரை. அவருக்கு மானியம் வருமா என்று காத்திருப்பதற்காகத் தங்காதீர்கள். நம்மவர்களுக்கு நன்றியுணர்ச்சி அதிகம். நேர்முகத்தில் கேட்பார்கள்: இவ்வளவு காலம் ஒரே ஆய்வகத்திலா?


டிரெஸ்டனில் சிரம்பான்காரன் எழுதியது:

அக்கா சொல்வதில் முக்கால்வாசி சரி. விளம்பரத்தைப் பற்றிச் சொன்னது மலேசியாவுக்குப் பொருந்தும்; இங்கே அப்படியே பொருந்தாது. நான் உலோகவியல்காரன், ரப்பர் தெரியாது. விளம்பரத்தைப் பார்த்து, ஒருவரையும் தெரியாமல் விண்ணப்பித்துத்தான் இந்த ஊருக்கு வந்தேன். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக் என்பது பெரும்பாலும் சம்பளத் தரம் 13இல் உள்ள பொதுத்துறை வேலை. ஆள் எடுக்க முறையும் குழுவும் உண்டு. ஐரோப்பிய ஆய்வு வேலைகளுக்கான யுராக்செஸ் தளத்தில் துறை வாரியாக வடிகட்டி வையுங்கள். நெதர்லாந்துக்கு அகடமிக் டிரான்ஸ்ஃபர். சிங்கப்பூரில் தேடும்போது போஸ்ட்டாக் என்று மட்டும் போடாதீர்கள். அங்குள்ள என்யுஎஸ், என்டியு பல்கலைக்கழகங்கள் இரண்டிலும் ரிசர்ச் ஃபெலோ என்ற பெயரில்தான் பெரும்பாலும் இருக்கும். ரப்பர் என்று தேடாமல் எலாஸ்டோமர், மென்மையான பொருட்கள் (சாஃப்ட் மேட்டர்), பாலிமர் படலம் என்றும் தேடுங்கள். உங்கள் கைத்திறனுக்கு வேறு பெயரில் வேலை இருக்கிறது.

அக்கா விட்டுவிட்ட ஒன்று: சொந்தப் பணத்தோடு போவது. அதாவது உதவித்தொகையை நீங்களே வென்று, அதை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போவது. "உங்களிடம் பணம் இருக்கிறதா" என்று கேட்கத் தேவையே இல்லை. ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகைக்குப் பட்டம் பெற்ற நான்கு ஆண்டுக்குள் விண்ணப்பிக்கலாம். கடைசித் தேதி கிடையாது, எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் உதவித்தொகைக்கு ஆறு ஆண்டு. அங்கே விண்ணப்பத்தை அனுப்புவது உங்களை ஏற்கிற ஜப்பானியப் பேராசிரியர், நீங்கள் அல்ல. ஐரோப்பாவின் மேரி கியூரி உதவித்தொகைக்கு எந்த நாட்டவரும் போட்டியிடலாம். பட்டத்துக்குப் பின் எட்டு ஆண்டு ஆய்வு அனுபவத்தைத் தாண்டியிருக்கக் கூடாது, போகிற நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. அதன் கெடு வழக்கமாகச் செப்டம்பரில் வரும். ஆகஸ்டில் பேராசிரியரைத் தேடினால் அவர் விடுமுறையில் கடற்கரையில் இருப்பார். மார்ச், ஏப்ரலில் எழுதுங்கள்.

இந்த ஆண்டுக்கணக்கெல்லாம் பட்டம் வாங்கிய நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். ஆகவே "இரண்டு ஆண்டு உள்ளூரில் இருந்துவிட்டுப் பிறகு பார்க்கலாம்" என்ற திட்டத்துக்கு ஒரு விலை உண்டு.

இன்னொன்று, சம்பளம் இல்லாமல் யாரிடமும் வேலை செய்யாதீர்கள். இங்கே வருவதற்கு முன் ஓரிடத்தில் "ஒப்பந்தம் வந்துகொண்டிருக்கிறது, அதற்குள் வேலையைத் தொடங்கு" என்றார்கள். தொடங்கினேன். ஒப்பந்தம் வரவே இல்லை. என் முடிவுகள் மட்டும் அவர்கள் கட்டுரையில் வந்தன. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கேட்கிற கடிதம் எதுவும் வந்தால் படிக்காமலே அழியுங்கள்.


பாயான் லெப்பாஸ் ஆள் எழுதியது:

இரண்டு பேரும் பல்கலைக்கழக மதிலைத் தாண்டிப் பார்க்கவே இல்லை. தங்கை பினாங்கில் இருக்கிறார். இங்கே 1972 முதல் தொழிற்பேட்டை இருக்கிறது. மருத்துவக் கருவி செய்கிற ஆலைகளில் குழாய், அடைப்பான், படலம் என்று எல்லாம் பாலிமர். கையுறை ஆலைகள் கூலிம், கிள்ளான், மேரு பக்கம் இருக்கின்றன. கொவிட் காலத்தில் ஆளுக்குப் பறந்தார்கள், பிறகு விலை விழுந்து கதவைச் சாத்தினார்கள், அது உண்மை. ஆனாலும் ஆய்வு மேம்பாட்டுப் பிரிவு என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

முனைவர் என்று பார்த்ததும் மனிதவளப் பிரிவு பயப்படும். "ஆறு மாதத்தில் பல்கலைக்கழகத்துக்கு ஓடிவிடுவார்" என்று நினைப்பார்கள். தன்விவரத்தில் ஆய்வேட்டின் தலைப்பைக் கீழே தள்ளி, எந்தெந்தச் சோதனைக் கருவியைத் தனியாக இயக்கத் தெரியும், எந்தத் தரச்சான்றுச் சோதனையை முழுவதுமாகச் செய்திருக்கிறீர்கள் என்பதை மேலே போடுங்கள். நான் ஆள் எடுத்தபோது படித்தது அந்த நான்கு வரிகளைத்தான். சம்பளமும் ஒப்பந்த ஆய்வாளரைவிட மோசமாக இருக்காது. அம்மாவும் பக்கத்தில்.


பந்தாய் டாலாம் அக்கா எழுதியது:

பாயான் லெப்பாஸ் அண்ணன் சொல்வதில் தப்பில்லை. ஆனால் தங்கை கேட்டது ஆய்வுப் பணி. ஆலைக்குள் போனால் அடுத்த நான்கு ஆண்டுக் கண்டுபிடிப்பு எதையும் வெளியில் சொல்ல முடியாது. கட்டுரை வராது. திரும்பி வரும்போது பல்கலைக்கழகத்தில், "இந்த நான்கு ஆண்டு என்ன செய்தீர்கள்" என்று கேட்பார்கள். போகலாம், தெரிந்துகொண்டு போக வேண்டும். டிரெஸ்டன் தம்பி சொன்ன உதவித்தொகை விவரம் உருப்படியானது. விளம்பரம் பற்றி நாம் தனியாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

தங்கை, நீங்கள் அனுப்பிய அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். எனக்கு அதில்தான் சந்தேகம்.


பட்டர்வொர்த்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று காக்கென்னிலும் கெப்ரிஸ்ஸிலும் உட்கார்ந்துவிட்டேன். அம்மா வந்து விளக்கை அணைத்துவிட்டுப் போனார். இந்த ஆண்டு தொடங்கிய இரண்டு திட்டங்கள் என் தலைப்பை ஒட்டியே இருக்கின்றன. ஹட்யாயில் ஒருவரின் கட்டுரைகளையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

கடிதத்தின் தொடக்கம் தமிழில் இதுதான்: "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, நான் மலேசியாவில் பாலிமர் துறையில் முனைவர் பட்டம் பெற்றிருக்கிறேன். தங்களுடைய புகழ்பெற்ற ஆய்வுக் குழுவில் இணைய மிகுந்த ஆர்வமாக உள்ளேன். தனியாகவும் குழுவாகவும் பணியாற்றக் கூடியவள், கடின உழைப்பாளி. என் தன்விவரத்தை இணைத்துள்ளேன். வாய்ப்பிருந்தால் தெரிவிக்கவும்."


பந்தாய் டாலாம் அக்கா எழுதியது:

நினைத்தேன். இந்தக் கடிதத்தை ஒரு வார்த்தை மாற்றாமல் சிமெண்டுப் பேராசிரியருக்கும் அனுப்பலாம். இப்படி வருபவை எங்களிடம் ஒரு கோப்பில் போய் விழுகின்றன. அதை யாரும் திறப்பதில்லை. "புகழ்பெற்ற" என்ற சொல்லைப் பார்த்ததுமே என் கை தானாக அந்தக் கோப்புக்குப் போகும்.

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் ஆய்வில் எதிர்பார்த்தபடி வராத முடிவு எது?


பட்டர்வொர்த்வாசி எழுதியது:

முடுக்கியைப் பாதியாகக் குறைத்த படலங்கள், செய்தவுடன் சோதித்தால் நன்றாகவே இருந்தன. மருத்துவப் பரிசோதனைக் கையுறைக்கு ஏஎஸ்டிஎம் டி3578 தரம் கேட்கும் 18 மெகாபாஸ்கல் இழுவலிமையைத் தாண்டின. ஆனால் 70 பாகை செல்சியஸ் வெப்ப அடுப்பில் ஏழு நாள் வைத்து, செயற்கையாக முதுமையாக்கி எடுத்தால், சில படலங்கள் முதுமைக்குப் பிறகு தரம் கேட்கும் 14 மெகாபாஸ்கலையும் எட்டவில்லை. முடுக்கியின் அளவுதான் காரணம் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தோம். பார்த்தால், ஈரப் படலத்தை வெந்நீரில் அலசுகிற நேரத்தை மாற்றியபோதும் அந்த இழப்பு மாறியது. ஏன் என்று முழுமையாகத் தெரியவில்லை. ஆய்வேட்டில் "எதிர்கால ஆய்வுக்கு" என்று ஒரு பத்தியில் முடித்துவிட்டேன்.


பந்தாய் டாலாம் அக்கா எழுதியது:

அந்தப் பத்திதான் உங்கள் கடிதம். அதை எடுத்து முன்னால் வையுங்கள். இப்படி எழுதிப் பாருங்கள், பிறகு உங்கள் ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"பேராசிரியர் அவர்களுக்கு, குறைந்த முடுக்கியில் செய்த படலங்கள் முதுமைச் சோதனையில் வலிமை இழப்பதை உங்கள் சென்ற ஆண்டுக் கட்டுரையில் காட்டியிருக்கிறீர்கள். என் முனைவர் பட்ட ஆய்விலும் அதே இழப்பைக் கண்டேன். ஆனால் ஈரப் படலத்தை அலசும் நேரத்தோடு அது மாறியது. வரைபடம் ஒன்றை இணைத்திருக்கிறேன். இதை உங்களுடைய புதிய திட்டத்தில் தொடர இடமிருக்கிறதா என்று அறிய விரும்புகிறேன். செனட் ஒப்புதல் கிடைத்ததும் பணியில் சேர முடியும்."

அவ்வளவுதான். ஒரே ஒரு வரைபடம். ஆய்வேட்டை முழுதாக அனுப்பி வைக்காதீர்கள். கட்டுரையை உண்மையிலேயே படித்துவிட்டு எழுதுங்கள், முதல் பதிலிலேயே அதைப் பற்றித்தான் கேட்பார். ஆளுக்கொரு கடிதம். முன்பு ஒருவர் பதினைந்து பேராசிரியர்களின் முகவரியையும் ஒரே வரியில் போட்டு எங்களுக்கு அனுப்பியிருந்தார். அதில் இருவர் ஒரே நடைக்கூடத்தில் எதிரெதிர் அறையில் இருப்பவர்கள்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து, அதே கடிதத்தின் கீழே இரண்டு வரி எழுதி ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கு மேல் வேண்டாம். பரிந்துரைக்கு மேற்பார்வையாளரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளரையும் கேட்கலாம், உங்கள் ஆய்வேட்டைக் கடைசிவரை படித்தவர் அவர்.


பட்டர்வொர்த்வாசி எழுதியது:

அக்கா, இதை இன்றே எழுதுகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: சம்பளம், ஒப்பந்தக் காலம் பற்றி எப்போது கேட்பது? கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?


டிரெஸ்டனில் சிரம்பான்காரன் எழுதியது:

கேட்காவிட்டால்தான் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். என் கதையை மேலே படித்தீர்கள் அல்லவா?


பந்தாய் டாலாம் அக்கா எழுதியது:

முதல் கடிதத்தில் வேண்டாம். அவர் "பேசலாம்" என்று எழுதியதும் கேட்டுவிடுங்கள், கூச்சமே வேண்டாம்: எத்தனை மாத ஒப்பந்தம், புதுப்பிக்க முடியுமா, மானியம் எந்த மாதம் முடிகிறது, மருத்துவக் காப்புறுதியை யார் கட்டுகிறார்கள், என் கட்டுரையில் முதல் பெயர் யாருடையது. எல்லாப் பதிலும் எழுத்தில் வரட்டும். ஹட்யாய் கூடி வந்தால் பல்கலைக்கழகத்தின் அழைப்புக் கடிதம் கைக்கு வந்த பிறகு விசாவைத் தொடங்குங்கள். தாய்லாந்துத் துணைத் தூதரகம் ஜார்ஜ் டவுனிலேயே இருக்கிறது, அதற்காகக் கோலாலம்பூர் வர வேண்டாம். வந்தாலும் சரி, பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு என் செலவு.